வீட்டுத் தோட்டத்தில் வெள்ளை ஈ: கடும் மருந்து இல்லாமல் அடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

செடியை லேசாக அசைத்ததும் வெள்ளைத் தூசி கிளம்பியது மாதிரி ஒரு கூட்டம் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி அதே செடியின் இலைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டால், வந்திருப்பது வெள்ளை ஈதான். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், பூசணி, வெள்ளரி, அவரை, செம்பருத்தி, கொய்யா என்று அதற்குப் பிடித்த செடிகளின் வரிசை நீளமானது. பார்த்தவுடன் பெரும்பாலோர் செய்வது, பறக்கும் பூச்சியைக் குறிவைத்துக் கையில் கிடைத்ததை அடிப்பதுதான். இரண்டு நாள் அமைதியாக இருக்கும். அப்புறம் முன்னைவிடப் பெரிய கூட்டம் வந்து நிற்கும்.

பறப்பது அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதிதான். மீதியெல்லாம் முட்டையாகவும் குஞ்சாகவும் இலையின் அடிப்பக்கத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் இங்கே சொல்லப்போவதெல்லாம் இரண்டு விஷயங்களைச் சுற்றித்தான் வரும். ஒன்று, இலையின் அடிப்பக்கம். இன்னொன்று, விடாமல் மூன்று வாரம். சோப்பா வேப்பெண்ணெயா என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பூச்சியின் நாள்கணக்கு

வெள்ளை ஈ 1 முதல் 2 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். வீட்டில் பறக்கும் ஈயோடு இதற்கு உறவு கிடையாது. அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி ஆகியவைதான் இதன் சொந்தங்கள். எல்லாமே ஊசி போன்ற வாயை இலைக்குள் செருகிச் சாறு உறிஞ்சுபவை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், புழுக்களுக்காக விற்கப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியா மருந்தை வாங்கி வெள்ளை ஈக்கு அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது இலையோடு சேர்ந்து புழுவின் வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். இலையைக் கடிக்கவே செய்யாத பூச்சிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

காய்கறித் தோட்டங்களில் அதிகம் தொல்லை தருபவை இரண்டு இனங்கள். ஒன்று பெமிசியா டபாசி. மற்றது பசுமைக்குடில் வெள்ளை ஈ எனப்படும் ட்ரையலூரோடெஸ் வேப்பராரியோரம். உட்கார்ந்திருக்கும்போது பெமிசியாவின் இறக்கைகள் இரண்டு பக்கமும் சரிந்து, நடுவில் மெல்லிய இடைவெளியோடு இருக்கும். பசுமைக்குடில் ஈ இறக்கைகளைக் கொஞ்சம் தட்டையாக விரித்து வைத்திருக்கும். மேலிருந்து பார்த்தால் முக்கோணம் தெரியும். கொய்யா, தென்னை, வாழை போன்றவற்றின் இலையில் வெள்ளை மெழுகால் சுருள் சுருளாகக் கோலம் போட்டு முட்டையிடும் சுருள் வெள்ளை ஈக்கள் தனி வகை. கட்டுப்படுத்தும் முறை எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் வைரஸ் நோய்களைப் பரப்புவதில் பெமிசியாதான் பெரிய ஆள். அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

பெண் ஈ பெரும்பாலும் நுனியில் இருக்கும் இளம் இலைகளைத் தேடிப்போய் முட்டையிடும். சாதகமான சூழலில் ஒரே ஈ நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். ஒவ்வொரு முட்டைக்கும் சின்னக் காம்பு உண்டு. அது இலையின் திசுவுக்குள் செருகப்பட்டிருக்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலும் முட்டை உதிராததற்கு அதுதான் காரணம். வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்குள் முட்டை பொரித்துவிடும். வெளியே வரும் குஞ்சு கொஞ்ச நேரம் நடந்து, பிடித்த இடத்தில் வாயைச் செருகிவிட்டால் அவ்வளவுதான். இறக்கை முளைக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகராது. தட்டையாக, ஒளி ஊடுருவும் சின்னச் செதிலாக ஒட்டிக்கிடக்கும். நான்கு பருவங்களைக் கடந்து, கடைசியில் கூட்டுப்புழு போல உப்பி, சிவப்புக் கண்கள் வெளியே தெரிய ஆரம்பித்தால், இறக்கையோடு வெளிவரப் போகிறது என்று அர்த்தம்.

முட்டையிலிருந்து இறக்கை வரைக்கும் வெப்பமான நாட்களில் சுமார் மூன்று வாரம். குளிர்காலத்தில் ஒரு மாதத்துக்கும் மேல் இழுக்கும். இந்தக் கணக்குதான் நீங்கள் எத்தனை முறை தெளிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

முதல் படி: இலையைத் திருப்பிப் பாருங்கள்

மருந்தைக் கலப்பதற்கு முன் கால் மணி நேரம் இதற்காக ஒதுக்குங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள், ஓரளவு தெரியும்.

ஒரே செடியில் மூன்று உயரங்களில் இலைகளைத் திருப்ப வேண்டும். நுனி இலைகளில் ஈக்களும் முட்டைகளும் இருக்கும். நடு இலைகளில் குஞ்சுகள். கீழே முதிர்ந்த இலைகளில் கூட்டுப்புழுக்களும் வெறும் ஓடுகளும். ஈ முட்டையிட்ட நாளில் நுனியில் இருந்த இலைதான், குஞ்சு வளர வளர, செடி மேலே போகப் போக, கீழே தங்கிவிடுகிறது. ஆக, கீழ் இலையில் நிறைய வெள்ளை ஓடுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அவை காலியானவையா, உயிருள்ளவையா என்றுதான் பார்க்க வேண்டும்.

காலி ஓட்டில் ஒரு நல்ல தடயம் உண்டு. வெள்ளை ஈ தானாக வெளிவந்திருந்தால் ஓட்டின் முதுகில் ஆங்கில 'டி' எழுத்து வடிவில் பிளவு இருக்கும். ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து வெளியே வந்திருந்தால் வட்டமான துளை இருக்கும். வட்டத் துளைகள் நிறையத் தெரிந்தால் உங்கள் தோட்டத்தில் ஏற்கெனவே உங்களுக்கு ஆள் இருக்கிறது. அப்படிப்பட்ட செடியில் நான் எதையும் தெளிக்காமல் ஒரு வாரம் விட்டுப் பார்க்கத்தான் சொல்வேன்.

வேறு எதையாவது வெள்ளை ஈ என்று நினைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. தத்துப்பூச்சியும் அசுவினியும் கழற்றிப்போட்ட தோல்கள் இலையடியில் வெள்ளையாக ஒட்டியிருக்கும், தட்டினால் பறக்காது. மாவுப்பூச்சி பஞ்சு மாதிரி திரண்டு கணுக்களில் இருக்கும். இலை மேல் பிசுபிசுப்பும், அதன்மேல் படர்ந்த கரிப்படலமும் மட்டும் இருந்தால் அசுவினியாகவும் இருக்கலாம். சாறு உறிஞ்சும் இந்தப் பூச்சிகள் எல்லாமே இனிப்பான கழிவைச் சொட்டும், அதில் கரும்பூஞ்சணம் வளரும். அந்தக் கறுப்பு இலைக்குள் போவதில்லை. மேலே படிந்து வெளிச்சத்தை மறைப்பதோடு சரி, ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும்.

நன்றாக வளர்ந்த செடியில் இலைக்கு ஒன்றிரண்டு ஈ இருந்தால் அது அவசரம் இல்லை. நாற்றுப் பருவத்துத் தக்காளியில், வெண்டையில், மிளகாயில் அதே எண்ணிக்கை இருந்தால் அவசரம். இளம் செடிக்கு வைரஸ் தொற்றினால் பிறகு அது தேறவே தேறாது.

இரண்டாம் படி: கையால் முடிவதை முதலில்

கீழே குஞ்சும் கூட்டுப்புழுவும் அப்பிக்கிடக்கும் முதிர்ந்த இலைகளைப் பறித்துவிடுங்கள். ஒரு தெளிப்பில் போகாத எண்ணிக்கை இந்த ஒரு வேலையில் போகும். பறித்த இலையைச் செடிக்கு அடியிலேயே போடக் கூடாது. குஞ்சுகள் காய்ந்த இலையில் செத்துப்போகும் என்பது உண்மை. ஆனால் முதிர்ந்த கூட்டுப்புழுவுக்கு இனி சாறு வேண்டாம். வாடிய இலையிலிருந்தும் ஈயாகப் பறந்து வரும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, சில நாள் வெயிலில் வைத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலையைக் கழிக்க வேண்டாம். குஞ்சு கறுத்துப்போயிருக்கும் இலைகளை விட்டுவையுங்கள். ஏன் என்பது பின்னால்.

அடுத்தது தண்ணீர். குழாயில் தெளிப்பு முனையை மாட்டி, கீழிருந்து மேலாக, இலையின் அடியில் படும்படி அடியுங்கள். ஈக்கள் நனைந்து விழும், இளம் குஞ்சுகளில் ஒரு பகுதி கழன்றுவிடும், பிசுபிசுப்பும் தூசியும் போகும். தூசி போவது சின்ன விஷயமல்ல. தூசி படிந்த இலையில் குளவிகளும் பொறிவண்டுகளும் சரியாக வேட்டையாடுவதில்லை. காலையில் அடித்தால் வெயில் ஏறுவதற்குள் இலை காய்ந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். மென்மையான நாற்றுகளுக்கு வேகத்தைக் குறைத்து, தண்டை ஒரு கையால் தாங்கிக்கொண்டு அடியுங்கள். தொட்டி சிறியதாக இருந்தால் மண்ணை ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு, செடியைத் தலைகீழாகப் பிடித்து வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பது இன்னும் சுலபம்.

விடியற்காலைக் குளிரில் ஈக்கள் மந்தமாக இருக்கும், எளிதில் பறக்காது. கையடக்க வாக்குவம் கிளீனர் இருந்தால் அந்த நேரத்தில் நுனி இலைகளின் அடியில் மெதுவாக ஓட்டி உறிஞ்சலாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். உறிஞ்சிய தூசிப் பையை உடனே மூடிக் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். முட்டையிடும் தாய்களைக் குறைப்பதால் அடுத்த தலைமுறையின் எண்ணிக்கை குறையும்.

மஞ்சள் ஒட்டுப்பொறி: எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்

வெள்ளை ஈக்கு மஞ்சள் நிறத்தின் மேல் ஈர்ப்பு உண்டு. பளிச்சென்ற மஞ்சள் அட்டையில் அல்லது பிளாஸ்டிக் தகட்டில் விளக்கெண்ணெயோ, வாசலினோ, கிரீஸோ மெல்லிசாகத் தடவிச் செடியின் நுனி உயரத்துக்குக் கட்டினால் போதும். செடி வளர வளர அட்டையையும் உயர்த்த வேண்டும். வெயிலில் எண்ணெய் காய்ந்தாலும், மேலே தூசி படிந்தாலும் துடைத்துவிட்டு மறுபடி தடவுங்கள்.

ஆனால் பொறி மட்டும் வைத்துவிட்டு வெள்ளை ஈ ஒழிந்துவிடும் என்று காத்திருப்பது வீண். அது பறப்பதை மட்டும்தான் பிடிக்கும். இலையடியில் ஒட்டியிருக்கும் பெரும்பான்மையை அது தொடாது. அதன் உண்மையான பயன் கண்காணிப்பு. வாரம் ஒருமுறை அட்டையில் ஒட்டியிருப்பதை எண்ணிக் குறித்துவைத்தால், கூட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். நல்ல பூச்சிகளும் அதில் மாட்டும் என்பதால், தோட்டம் முழுக்க அட்டைகளைத் தொங்கவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சில செடிகளுக்கு ஒன்று என்ற அளவில் போதும்.

மூன்றாம் படி: சோப்புக் கரைசல்

மென்மையான வழிகளில் முதலில் கையில் எடுக்க வேண்டியது இதுதான். கொழுப்பு அமிலத்தின் பொட்டாசிய உப்புதான் தோட்டத்துக்கான சோப்பு. அது பூச்சியின் மேல் தோலில் இருக்கும் மெழுகுப் பூச்சைக் குலைத்து, உடலை வற்றவைத்துக் கொல்கிறது. நஞ்சாக எதுவும் மிஞ்சுவதில்லை. அதுவே அதன் பலவீனமும்கூட. ஈரமாக இருக்கும்போது பூச்சியின் மேல் பட்டால்தான் பயன். காய்ந்த பிறகு அந்த இலையில் வந்து உட்காரும் ஈக்கு ஒன்றும் ஆகாது.

அளவு: 1 லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 20 மில்லி திரவ சோப்பு. கட்டி சோப்பு என்றால் 10 கிராம் துருவி, கொஞ்சம் வெந்நீரில் முழுக்கக் கரைத்து, பிறகு ஒரு லிட்டராக்கி வடிகட்டுங்கள். இங்கே சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்த நிஜ சோப்பு. பாத்திரம் கழுவும் திரவமும் துணி துவைக்கும் தூளும் பெரும்பாலும் டிடர்ஜென்ட். அவற்றில் உள்ள மற்ற ரசாயனங்கள் இலையைக் கருக்கிவிடும். வாசனையோ, கிருமிநாசினியோ, ப்ளீச்சோ சேர்த்ததைத் தொடவே வேண்டாம்.

தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு வேலை செய்யாது. கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து மேலே வெள்ளை ஆடையாகத் திரண்டுவிடும். பூச்சியின் மேல் படவேண்டியது அப்படியே வாளியில் வீணாகும். கலக்கும்போது நுரை வராமல் திரிந்தால், மழைத் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு அடித்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவர்கள் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எந்தச் செடிக்கும் முதல் முறை முழுக்க அடிக்காதீர்கள். இரண்டு மூன்று இலையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். ஓரம் கருகினால் அளவைப் பாதியாக்குங்கள், அல்லது அந்தச் செடிக்கு வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரணி வகைகளும், மெழுகு பூத்த இலையுள்ள செடிகளும் சீக்கிரம் பாதிக்கப்படும். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நேரத்திலும், செடி தண்ணீரின்றி வாடியிருக்கும்போதும் தெளிக்கக் கூடாது. அதிகாலையோ மாலையோ சரி. கரைசல் மெதுவாகக் காயும், அவ்வளவு நேரம் பூச்சிக்கு வேலை கொடுக்கும்.

தெளிக்கும் விதத்தில்தான் பாதி வெற்றி இருக்கிறது. தெளிப்பானின் முனையைச் செடிக்குள் விட்டு மேல் நோக்கித் திருப்புங்கள். இலையின் அடி முழுக்க நனைந்து சொட்ட வேண்டும். மேற்பக்கம் நனைவதில் பயன் குறைவு. முடித்ததும் சில இலைகளைத் திருப்பிப் பாருங்கள். உலர்ந்த திட்டு தெரிந்தால், அங்கே இருக்கும் குஞ்சுகள் தப்பிவிட்டன.

நான்காம் படி: வேப்பெண்ணெய், வேப்பங்கொட்டைக் கரைசல்

வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சி தோலுரிப்பதைக் கெடுக்கும், சாறு உறிஞ்சும் ஆசையைக் குறைக்கும், முட்டையிடுவதையும் மட்டுப்படுத்தும். அடித்தவுடன் ஈக்கள் பொத்தென்று விழாது. குஞ்சு அடுத்த பருவத்துக்குப் போக முடியாமல் நின்றுபோவதைச் சில நாள் கழித்துத்தான் பார்க்க முடியும். எண்ணெய் என்பதால் பூச்சியின் மேல் படலமாகப் படிந்து மூச்சுத் துளைகளை அடைக்கவும் செய்யும்.

1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் 2 மில்லி திரவ சோப்பும் போதும். முதலில் எண்ணெயையும் சோப்பையும் நன்றாகக் குழைத்து, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்குங்கள். பால் நிறம் வந்தால் சரியாகக் கலந்திருக்கிறது. எண்ணெய் மேலே கண்ணாக மிதந்தால் இன்னும் கொஞ்சம் சோப்பு வேண்டும். மிதக்கும் எண்ணெயோடு அடித்தால் ஒரு இலைக்கு வெறும் தண்ணீரும் இன்னொரு இலைக்குச் சுத்த எண்ணெயும் போகும். அந்த இரண்டாவது இலை கருகும். தெளிக்கும்போதும் அடிக்கடி குலுக்குங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், நாளைக்கு என்று வைத்தால் வீரியம் இருக்காது.

கடையில் கிடைக்கும் எல்லா வேப்பெண்ணெயும் ஒன்றல்ல. சுத்திகரித்துத் தெளியவைத்த எண்ணெயில் அசாடிராக்டின் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். அது வெறும் எண்ணெயாக மட்டும் வேலை செய்யும். செக்கில் ஆட்டிய, நாற்றமும் கசப்பும் உள்ள எண்ணெயே நல்லது.

வேப்பங்கொட்டை கிடைத்தால் எண்ணெயைவிட எனக்கு அதுவே பிடிக்கும், இலை கருகும் பயம் குறைவு. ஓடு நீக்கிய பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, துணியில் முடிந்து, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் முடிச்சைப் பிழிந்துவிட்டு வடிகட்டி, கொஞ்சம் சோப்பு சேர்த்தால் 5 சதவீதக் கரைசல் தயார். கொட்டை பூஞ்சணம் பிடிக்காமல், சமீபத்தில் காய்ந்ததாக இருக்க வேண்டும்.

வேம்பு எதுவானாலும் மாலையில்தான். அசாடிராக்டின் சூரிய ஒளியில் சிதைந்துவிடும். அதோடு தேனீக்களும் அதற்குள் கூடு திரும்பியிருக்கும். பூத்திருக்கும் மலர்களின் மேல் நேராக அடிக்காதீர்கள். பறிக்கத் தயாரான காய்களை முதலில் பறித்துவிட்டு, பிறகு தெளியுங்கள். மீன் வளர்க்கும் தொட்டியோ குளமோ பக்கத்தில் இருந்தால் கரைசல் அதில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோப்பும் வேம்பும் நீர்வாழ் உயிர்களுக்கு நல்லதல்ல. வேப்பெண்ணெய் அடித்த இலையில் இரண்டு மூன்று வாரத்துக்குக் கந்தகம் தெளிக்க வேண்டாம், கந்தகம் அடித்திருந்தால் எண்ணெய் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துவிடும்.

நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டியது

சோப்பும் எண்ணெயும் குஞ்சுகளை நன்றாகக் கொல்லும், முட்டையையும் கூட்டுப்புழுவையும் அவ்வளவாக அசைக்காது. இன்று தப்பிய முட்டை ஒரு வாரத்துக்குள் குஞ்சாகும். அந்தக் குஞ்சு முதிர்வதற்குள் அடுத்த தெளிப்பு விழுந்தாக வேண்டும். அதனால்தான் ஐந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று வாரத்துக்கு விடாமல் செய்யச் சொல்கிறேன்.

முதல் நாள் கீழ் இலைகளைக் கழித்துவிட்டு, தண்ணீரால் கழுவி, காய்ந்த பிறகு மாலையில் சோப்பு. ஆறாம் நாள் வேம்பு. பதினோராம் நாள் மறுபடி சோப்பு. பதினாறாம் நாள் வேம்பு. இருபத்தொன்றாம் நாள் இலைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் மட்டும் ஒரு சோப்பு. நடுவில் மழை பெய்து கழுவிவிட்டால் அந்த முறையைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டாவது தெளிப்புக்குப் பிறகும் ஈக்கள் பறப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். கூட்டுப்புழுவாக இருந்தவை வெளியே வருகின்றன. பார்க்க வேண்டியது நடு இலைகளில் புதுக் குஞ்சு இருக்கிறதா என்பதைத்தான்.

பக்கத்துச் செடிகளையும் அதே நாளில் கவனியுங்கள். தக்காளிக்கு அடித்துவிட்டு அருகில் இருக்கும் செம்பருத்தியை விட்டால், ஈக்கள் அங்கே தங்கியிருந்து திரும்பி வரும்.

எறும்பைக் கவனியுங்கள்

இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் வரும். வந்தால் சும்மா இருக்காது, வெள்ளை ஈக்குஞ்சுகளைத் தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் துரத்தும். தண்டைச் சுற்றி ஒரு துணிப்பட்டையோ காகிதமோ கட்டி, அதன் மேல் ஒட்டும் பசையையோ கிரீஸையோ தடவுங்கள். நேராகத் தண்டின் மேல் தடவக் கூடாது. தொட்டியின் கால்களைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தலாம். தட்டில் கொசு முட்டையிடாமல் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். கிளை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் எறும்புக்கு அதுவே பாலம்; வெட்டிவிடுங்கள்.

உங்களுக்காக வேலை செய்பவர்கள்

1926இல் இங்கிலாந்தில் ஒரு தக்காளி வளர்ப்பாளர், வெள்ளை ஈயின் வெள்ளைக் குஞ்சுகளுக்கு நடுவே கறுத்த குஞ்சுகள் இருப்பதைக் கவனித்தார். செஷன்ட் ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பரிசோதித்தபோது, உள்ளே என்கார்சியா ஃபார்மோசா என்ற மிகச் சின்ன ஒட்டுண்ணிக் குளவி வளர்வது தெரிந்தது. அதை வளர்த்துத் தோட்டக்காரர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செயற்கைப் பூச்சிக்கொல்லிகள் வந்ததும் இதை மறந்துபோனார்கள். பூச்சிகள் மருந்துக்குப் பழகிக்கொண்ட பிறகு 1970களில் மறுபடி தேடிப்போனார்கள்.

அந்தக் கறுப்புதான் முன்பு விட்டுவைக்கச் சொன்னது. பசுமைக்குடில் வெள்ளை ஈயின் குஞ்சு இந்தக் குளவியால் தாக்கப்பட்டால் கறுத்துவிடும். பெமிசியாவின் குஞ்சு என்றால் பழுப்பாகும். குளவி கண்ணுக்குப் புள்ளியாகத்தான் தெரியும், நம்மைக் கொட்டாது. இதைத் தவிரப் பொறிவண்டுகள், பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்கள், சிலந்திகள் எல்லாம் இந்தப் பக்கத்தில்தான். கொத்தமல்லி, சோம்பு, வெந்தயக்கீரை போன்றவற்றில் கொஞ்சத்தைப் பறிக்காமல் பூக்கவிட்டால், சின்னப் பூக்களின் தேனுக்காக இவை வந்து தங்கும்.

கடும் மருந்தை நான் தவிர்க்கச் சொல்வது கருணையால் அல்ல. பெமிசியா டபாசி பல வகைப் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்ட பூச்சி. குளவிக்கும் பொறிவண்டுக்கும் அந்தத் திறன் இல்லை. பைரித்ராய்டு என்ற செயற்கைப் பூச்சிக்கொல்லி வகையை அடித்தால் காவலாளிகள் சாவார்கள், வெள்ளை ஈ மிஞ்சும், அதுவும் எதிரியில்லாத இடத்தில் மிஞ்சும்.

ஈரப்பதம் நிறைந்த காலத்தில் பிவேரியா பேசியானா, வெர்டிசிலியம் லெக்கானி போன்ற பூஞ்சைகளையும் பயன்படுத்தலாம். பொட்டலத்தில் சொல்லியிருக்கும் அளவில் கலந்து மாலையில் இலையடியில் அடிக்க வேண்டும். வறண்ட வெயில் காலத்தில் பணம் வீண். பூஞ்சைக்கொல்லி தெளித்திருக்கும் செடியிலும் அப்படியே.

இலை சுருண்டால், நரம்பு மஞ்சளானால்

வெண்டையில் நரம்பெல்லாம் வலை மாதிரி மஞ்சளாகத் தெரிவது, தக்காளியில் நுனி இலைகள் சிறுத்து மேல்நோக்கிச் சுருண்டு செடி குட்டையாக நிற்பது, இவை வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸின் அடையாளங்கள். வைரஸுக்கு மருந்து கிடையாது. அந்தச் செடியை வைத்துக்கொண்டிருந்தால், ஈக்கள் அதில் உறிஞ்சிவிட்டு மற்றச் செடிகளுக்குக் கொண்டுபோகும். பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்குவதற்கு முன் அதிகாலையில் சோப்புக் கரைசலை நன்றாக அடித்து, செடியின் மேல் ஒரு பையைக் கவிழ்த்து, பிறகு வேரோடு எடுங்கள். சும்மா பிடுங்கி உதறினால் ஈக்கள் அடுத்த செடிக்குப் போவதற்கு நாமே வழி செய்துகொடுத்ததாகும்.

சுருண்ட இலை எல்லாம் வைரஸ் என்றும் முடிவு செய்துவிடாதீர்கள். மிளகாயில் இலைப்பேன் தாக்கினால் மேல்நோக்கிச் சுருளும், சிலந்திப்பேன் என்றால் கீழ்நோக்கி. இரண்டும் குணமாகக் கூடியவை. பூசணி வகைகளில் புது இலை வெள்ளி பூசியது மாதிரி மாறுவது பெமிசியாக் குஞ்சுகள் உறிஞ்சுவதன் விளைவு. குஞ்சுகள் போனால் அடுத்து வரும் இலைகள் பச்சையாகவே வரும். சில பூசணி ரகங்களுக்கு நரம்போரம் வெள்ளித் திட்டு இயல்பாகவே உண்டு, அதற்காகத் தெளிப்பானைத் தூக்க வேண்டாம்.

வராமல் பார்த்துக்கொள்ள

புதிதாக வாங்கிவரும் செடிதான் பெரும்பாலும் வெள்ளை ஈயைக் கூட்டிவருகிறது. மற்றச் செடிகளிலிருந்து தள்ளி மூன்று வாரம் வைத்துப் பாருங்கள்; முட்டையாக வந்திருந்தாலும் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். நாற்றுகளை முதல் ஒரு மாதம் நெருக்கமான பூச்சி வலைக்குள் வளர்க்கலாம். சாதாரணக் கொசுவலையின் கண் வழியே வெள்ளை ஈ நுழைந்துவிடும், 50 மெஷ் அளவுள்ள, அதாவது ஓர் அங்குல நீளத்துக்கு 50 கண்கள் உள்ள வலை வேண்டும். பூசணி, வெள்ளரி போன்றவற்றுக்குப் பூ வந்ததும் வலையை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தேனீ வர வழியில்லை.

தழைச்சத்தை அள்ளிப் போடாதீர்கள். யூரியாவோ, அதிகப்படியான கோழி எருவோ போட்டால் செடி தளதளவென்று வளரும். அந்த மென்மையான இலைதான் வெள்ளை ஈக்கு வேண்டியது. நடும்போதே மண்ணின் மேல் வெள்ளி நிற மூடாக்குத் தாளை விரித்தால், அது எதிரொளிக்கும் ஒளியில் ஈக்கள் இறங்கும் இடம் தெரியாமல் குழம்பும். இளம் பருவத்தில் நல்ல பலன் உண்டு. செடி படர்ந்து தாளை மறைத்த பிறகு பலன் போய்விடும். கடும் கோடையில் அந்த எதிரொளி இலையைச் சுடக்கூடும் என்பதால் அப்போது வேண்டாம். சாமந்தி வகையில் பிரெஞ்சு சாமந்தி வெளியிடும் லிமோனீன் வாசனை பசுமைக்குடில் வெள்ளை ஈயை ஓரளவு விலக்கும். ஆனால் முதலிலிருந்தே கூட நட்டிருந்தால்தான். ஈ வந்து குடியேறிய பிறகு சாமந்தித் தொட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பதில் பயன் இல்லை.

பூண்டு, மிளகாய்க் கரைசல்கள் பற்றிக் கேட்பார்கள். பெரும்பாலும் அதில் சேர்க்கும் சோப்புதான் வேலை செய்கிறது என்பது என் கருத்து. வினிகர் இலையைப் பொசுக்கும். புகையிலைக் கஷாயம் வேண்டவே வேண்டாம். நிகோடின் நமக்கும் கொடிய நஞ்சு, அதோடு புகையிலைத் தேமல் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றக்கூடியது.

காய்ப்பு முடிந்த செடியை அப்படியே நிற்கவிடும் பழக்கம்தான் அடுத்த பருவத்துக்குக் கூட்டத்தை வளர்த்துக்கொடுக்கிறது. கடைசிக் காயைப் பறித்ததும் செடியை எடுத்து, பையில் கட்டி வெயிலில் வைத்து, சுற்றியுள்ள களைகளையும் அப்புறப்படுத்துங்கள். அதே இடத்தில் மறுபடி தக்காளியோ கத்தரியோ போடுவதானால் மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள், அல்லது நடுவில் வெங்காயம், பூண்டு, மக்காச்சோளம் போன்று வெள்ளை ஈ அதிகம் நாடாத பயிர் ஒன்றைப் போட்டு எடுங்கள்.